தகர வில்லையும் இறுவட்டும்: மலையக ஆவணங்களை வாசித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மலையக மக்களின் வரலாற்றை எழுத முனைவோர் எதிர்நோக்கும் முதலாவது இடர்ப்பாடு சான்றுகளின் பற்றாக்குறையாகும். தோட்டத்தின் வரலாறு எழுதப்பட்டுள்ளது; தோட்டத்தில் உழைத்தோரின் வரலாறோ பெரும்பாலும் அவர்தம் வாய்மொழியிலேயே தங்கியுள்ளது. அண்மைக் காலத்தில் இவ்விடர்ப்பாடு புதியதொரு வடிவத்தையும் எடுத்துள்ளது. சான்று கையில் இருக்கின்றது. ஆனால், அதனை வாசிக்க முடிவதில்லை. நோர்வூட்டில் நாம் கண்ட சிறு நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாகும்.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றையது பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டும் நோக்குடன் தென்மேற்குப் பருவமழைக் காலமொன்றில் அங்கு சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டிலிருந்த பழைய பிஸ்கட் தகரப்பெட்டியொன்றை எம்முன் வைத்தார். அதனுள் பன்னிரண்டு இறுவட்டுகள் இருந்தன. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் அவர் தமது கைச்செலவிற் பதிவு செய்தவை அவை. முதியோரின் பேச்சு, காமன்கூத்துப் பாடல்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களின் படங்கள், அவர் தட்டெழுதிய குறிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக அவரது அப்பாயியின் குரல் ஆகியன அவற்றில் அடங்கியிருந்ததாகக் கூறினார். ஆறேழு ஆண்டுகளாக அவற்றைத் திறக்க முடியவில்லை என்றும், எல்லாம் பழுதாகிவிட்டன என்றே தாம் கருதியதாகவும் சொன்னார்.

நாம் கொண்டுசென்ற செலுத்தியில் முதல் வட்டை இட்டோம். வட்டு சுழலும் ஒலி கேட்டது, நின்றது, மீண்டும் சுழன்றது. ஈற்றில், செலுத்தியில் வட்டு எதுவும் இல்லை என்று கணினி அறிவித்தது. கண்முன் கிடக்கும் பொருளை இல்லை என்று கூறும் அவ்வறிவிப்பு எம்மைச் சிந்திக்க வைத்தது. மலையக மக்கள் இத்தகைய அறிவிப்பை இதற்கு முன்னரும் கேட்டவர்கள்.

2

ஆவணம் என்பது நடுநிலையான பொருளன்று. அதனை எழுதுபவர் யார், வைத்திருப்பவர் யார், வாசிக்க வல்லவர் யார் என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயத்தின் அதிகார உறவுகளே விடையளிக்கின்றன. பெருந்தோட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கெட்’ முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலிருந்து புறப்படும் தொழிலாளியிடம் தகரத்தாலான சிறு வில்லையொன்று கொடுக்கப்பட்டது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. வழியிலுள்ள அதிகாரிகள் அவ்வெண்ணை வாசித்து அவரை உரிய இடத்துக்கு அனுப்பினர். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுப் பின்னர் கங்காணியின் வழியாகத் தொழிலாளியின் கடனாக வந்து விழுந்தது. வில்லையைச் சுமந்தவருக்கு அதன் எழுத்து விளங்காது. விளங்க வேண்டும் என்ற தேவையும் அதனை வழங்கியோருக்கு இருக்கவில்லை.

தோட்டத்துக்குள் வந்த பின்னரும் நிலை மாறவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் தொழிலாளிக்குத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கடன்பட்டோரைப் பிணித்து வைத்த அம்முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிரட்டுக்களத்தில் அன்றாடம் கொடுக்கப்பட்ட பேர், செக்றோலில் கணக்கப்பிள்ளையின் கையால் பதியப்பட்டது. ஒருவரின் உழைப்பு முழுப்பேரா அரைப்பேரா என்பதை அப்பதிவே தீர்மானித்தது. உழைத்தவர் அதனைப் பார்ப்பதரிது.

இதன் கொடிய விளைவு சுதந்திரத்தின் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்தது போலத் தோன்றிற்று. 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும் என்றும், அதனைச் சான்றுகளால் நிறுவுதல் வேண்டும் என்றும் அது விதித்தது. 800,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர் மாத்திரமே. லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்த ஒருவர், தாம் அங்கு பிறந்தமைக்குத் தாள் காட்டவேண்டியவரானார். அத்தாள் ஒன்றில் எழுதப்படவேயில்லை. அன்றேல் தோட்டத்துரையின் காரியாலயத்தில் இருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தபோது குடும்பத்தின் கடிதங்களும் படங்களும் உடன் பிரிந்தன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் வீடுகளோடு தாள்களும் எரிந்தன. நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி செய்தது.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, ஆசிரியரின் தகரப்பெட்டி வெறும் நினைவுப்பொருட் தொகுதியன்று. பிறர் எழுதிய பதிவுகளில் எண்ணாக மாத்திரம் இடம்பெற்றோர், தம்மைத் தாமே பதிந்துகொள்ள மேற்கொண்ட முயற்சியின் விளைவு அது. இறுவட்டும் பொறிக்கப்பட்ட ஒரு வில்லைதான். ஆயின், இம்முறை பொறித்தவர்கள் அம்மக்களே. அதனை வாசிக்க இயலாமற் போவது சிறிய இழப்பாகாது.

3

பழுதை ஆராய்வதற்கு முன்னர் பொருளின் இயல்பை அறிதல் அவசியம். பிலிப்ஸ், சொனி ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து 1980ஆம் ஆண்டில் இறுவட்டுக்கான நியமத்தை வகுத்தன. 1982 ஒக்டோபரில் அது யப்பானிற் சந்தைக்கு வந்தது. இசைக்காகப் பிறந்த அச்சாதனம் சில ஆண்டுகளுள் கணினித் தரவுகளுக்கும் உரியதாயிற்று. பயன்படுத்துவோர் தாமே பதிவு செய்யத்தக்க வட்டுக்கான நியமம் 1990ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது.

120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்புமுடைய பொலிகாபனேற்றுத் தகடே இறுவட்டின் உடல். உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஒரே சுருட்பாதை செல்கின்றது. அப்பாதையின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையிலான தூரம் 1.6 மைக்கிரோமீற்றர். அச்சிட்ட வட்டில் இப்பாதை நெடுகிலும் நுண்ணிய குழிகள் உள்ளன. வீட்டில் பதிவு செய்யும் வட்டில் குழிகள் இல்லை; சாயப்படலமொன்று லேசர் வெப்பத்தாற் கருகிக் குழிக்கு ஈடான அடையாளங்களைத் தருகின்றது. சாயத்தின் மேல் வெள்ளி அல்லது பொன்னாலான மெல்லிய பிரதிபலிப்புப் படலமும், அதன்மேல் மெழுகுப் பூச்சுப் போன்றதொரு காப்புப் படலமும் உண்டு. செலுத்தியின் உள்ளே 780 நனோமீற்றர் அலைநீளமுடைய லேசர்க் கதிரொன்று சிறு வில்லையினூடாகப் பாதையில் விழுந்து மீள்கின்றது. மீளும் ஒளியின் ஏற்றத்தாழ்வே எழுத்தாகின்றது. டீவீடி வட்டில் பாதை மேலும் நெருக்கமானது. அதற்கு 650 நனோமீற்றர் கதிர் வேண்டும்.

இவ்வமைப்பிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சிறு கீறலாலும் தூசியாலும் இறுவட்டு உடனே அழிந்துவிடுவதில்லை. 1960ஆம் ஆண்டில் ரீட், சொலமன் என்னும் கணிதவியலாளர் இருவர் வெளியிட்ட பிழைதிருத்த முறையின்படி தரவுகள் பரவலாகப் பிரித்து எழுதப்படுவதால், பாதையில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் நீளம் அழிந்தாலும் அதனைச் செலுத்தி கணித்து நிரப்பிக்கொள்கின்றது. இரண்டாவது, நாம் பாதுகாப்பான பக்கம் எனக் கருதும் பெயரெழுதும் பக்கமே இறுவட்டின் மெலிந்த பக்கமாகும். வாசிக்கும் பக்கத்தை 1.2 மில்லிமீற்றர் பொலிகாபனேற்றுக் காக்கின்றது. பெயரெழுதும் பக்கத்தைக் காப்பது மெல்லிய பூச்சொன்றே.

4

வாசிக்க முடியாத வட்டை எடுத்த எடுப்பிற் பழுதானது என்று ஒதுக்குவது ஆய்வு நெறியாகாது. தவறு வட்டிலா, செலுத்தியிலா, இணைப்பிலா, கோப்பின் அமைப்பிலா என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்தறிதல் வேண்டும். நோர்வூட்டில் நாம் பின்பற்றிய ஒழுங்கை இங்கு தருதல் பிறருக்கும் பயன்படக்கூடும்.

முதலில் நன்றாக உள்ளதென்று அறிந்த வட்டொன்றைச் செலுத்தியில் இட்டோம். கடையில் வாங்கிய, அச்சிடப்பட்ட பாடல் வட்டு தயக்கத்துடன் ஓடியது. ஆசிரியர் பதிவு செய்தவை ஓடவில்லை. இது முக்கியமானதோர் அறிகுறியாகும். அச்சிட்ட வட்டைவிடப் பதிவு வட்டு ஒளியைக் குறைவாகவே மீட்டு அனுப்பும். எனவே, முன்னது ஓடிப் பின்னது ஓடாதவிடத்து வட்டைக் குறை கூறுவதற்கு முன் செலுத்தியின் வில்லையையே ஐயுறுதல் தகும். செலுத்தி இரவு முழுவதும் குளிரில் வாகனத்திற் கிடந்து, காலையில் அடுப்பெரியும் வீட்டின் ஈரமான வெப்பக் காற்றுக்குள் வந்திருந்தது. வில்லையில் நீராவி படிந்திருந்தமையிற் புதுமையில்லை. மலைநாட்டிற் செலுத்தியைப் பயன்படுத்துவோர் முதலிற் செய்யவேண்டியது ஒன்றுமில்லை; ஓரிரு மணி நேரம் காத்திருத்தலே. அதன் பின் ஐசோபுரொப்பைல் மதுசாரம் சிறிது நனைத்த பஞ்சினால் வில்லையை அழுத்தாமல் துடைத்தோம்.

செலுத்தியைக் கணினியுடன் நேரடியாக இணைக்காமற் பல இணைப்புகள் கொண்ட கிளைப்பெட்டி வழியாக இணைத்திருந்தமை எமது தவறு. வட்டைச் சுழற்ற வேண்டிய மின்னோட்டம் அவ்வழியிற் போதுமானதாக இருப்பதில்லை. நேரடியாக இணைத்ததும் சுழற்சி சீரானது. இவ்விரு திருத்தங்களின் பின் ஐந்து வட்டுகள் வேறெந்த முயற்சியுமின்றித் திறந்தன. செலுத்தியே கணினியில் தோன்றாதவிடத்து வேறு வழியுண்டு. பழைய பதிவு மென்பொருளின் எச்சங்கள் வழியை மறித்திருக்கலாம். சாதனப் பட்டியலிற் செலுத்தியை நீக்கிக் கணினியை மீள இயக்கினால் அது புதிதாக அறியப்படும்.

மேலும் இரண்டு வட்டுகளில் எவ்வித பழுதும் இருக்கவில்லை. அவை டீவீடிகள், ஆசிரியரின் பழைய கணினியிலோ இறுவட்டுகளை மாத்திரம் வாசிக்கும் செலுத்தியே இருந்தது. இன்னும் இரண்டு, பதிவின் ஈற்றில் ‘முடித்து வைக்கப்படாதவை’. இவ்வாறு திறந்த நிலையில் விடப்பட்ட வட்டுகளைச் சாதாரண வாசிப்புச் செலுத்திகள் வெறும் வட்டாகவே காணும். பதிவு செய்யும் திறனுள்ள செலுத்தியில் அவை பெரும்பாலும் புலப்படும். அவ்வாறே புலப்பட்டன.

எஞ்சிய மூன்றில் இரண்டு கீறலும் பூஞ்சணமும் கொண்டிருந்தன. தண்ணீரில் அலசி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தோம். வட்டமாகத் துடைப்பின் ஏற்படும் கீறல் பாதையின் வழியே நீண்டு பிழைதிருத்தத்தின் எல்லையைக் கடந்துவிடும். குறுக்காக ஏற்படும் கீறலைச் செலுத்தி தாண்டிச் செல்லும். பின்னர், கோப்புகளைத் தனித்தனியே திறக்க முயலாது, வட்டு முழுவதையும் ஒரே படக்கோப்பாக மெதுவான வேகத்திற் பிரதியெடுத்தோம். இப்பணிக்கென இலவசமாகக் கிடைக்கும் டீடீரெஸ்கியூ என்னும் மென்பொருள், நல்ல பகுதிகளை முதலிற் பெற்றுக்கொண்டு பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வருகின்றது. எங்கெங்கு தவறியது என்ற குறிப்பையும் வைத்துக்கொள்வதால், ஒரு செலுத்தி வாசிக்காத இடத்தை வேறொரு செலுத்தியைக் கொண்டு நிரப்பவும் முடிகின்றது. இம்முறையில் ஒரு வட்டு முழுமையாகவும் மற்றையது பெரும்பகுதியும் மீண்டன.

பன்னிரண்டாவது வட்டு மீளவில்லை. அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த கடதாசியை யாரோ உரித்தெடுத்தபோது பிரதிபலிப்புப் படலமும் அதனோடு வந்துவிட்டது. ஒளியை மீட்டு அனுப்ப எதுவும் எஞ்சாத இடத்தில் எந்தச் செலுத்தியும் எதனையும் செய்ய இயலாது. ஆசிரியரின் குறிப்பேட்டின்படி அப்பாயியின் பேச்சின் இரண்டாம் பகுதி அதிலேதான் இருந்தது. முதற்பகுதி கிடைத்தது. பிரசாவுரிமை விண்ணப்பத்துக்காக அலைந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கும் இடத்தில் அது முடிவடைகின்றது.

5

மீண்ட கோப்புகளுள் ஆசிரியர் தட்டெழுதியவற்றைத் திறந்தபோது மற்றொரு தடை எதிர்ப்பட்டது. வட்டு வாசிக்கப்பட்டது, கோப்பும் திறந்தது, எழுத்து மாத்திரம் தமிழாக இருக்கவில்லை. ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் அவற்றின் நடுவே ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றியது. பழுதான கோப்பென்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டது. அத்தகைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ்; இல்லாத கணினியில் பொருளற்ற குறிகள். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் வழங்கப்பட்டிருந்தும், அது எமது மேசைகளுக்கு வந்துசேர நெடுங்காலமாயிற்று. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. மாற்றியதும் ஆசிரியரின் குறிப்புகள் பிழையின்றி வெளிப்பட்டன.

எனவே, ‘வாசித்தல்’ என்பது பல படிகளைக் கொண்டது. வட்டு, செலுத்தி, கோப்பின் ஒழுங்கு, எழுத்துக் குறியீடு, ஈற்றில் அம்மொழியறிந்த மனிதர். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஆவணம் ஊமையாகிவிடும். இது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. பிரித்தானியாவில் 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டின் 900ஆவது ஆண்டையொட்டி, 1986இல் பீபீசீ நிறுவனம் பொதுமக்களின் பங்களிப்புடன் நாட்டின் வாழ்வை இரு லேசர் வட்டுகளிற் பதிந்தது. பதினைந்து ஆண்டுகள் செல்லுமுன் அவற்றை வாசிக்கும் பொறிகள் அருகிவிட்டன. பல்கலைக்கழக ஆய்வாளர் முயன்றே அவற்றுக்கு மீண்டும் உயிரளிக்க வேண்டியதாயிற்று. 1086இன் தோலேட்டை இன்றும் வாசிக்கலாம்.

இதன் பொருளாதார அடிப்படையையும் கருதுதல் வேண்டும். சாதனங்களை உற்பத்தி செய்வோர் சந்தையின் தேவைக்கேற்ப அவற்றைக் கைவிடுகின்றனர். 2010ஆம் ஆண்டுகளில் மடிக்கணினிகளிலிருந்து இறுவட்டுச் செலுத்தி படிப்படியாக நீங்கியது. பதிவு செய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சொனி நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. செல்வாக்குள்ள நிறுவனங்கள் தம் தரவுகளை அவ்வப்போது புதிய சாதனங்களுக்கு மாற்றிக்கொள்ளும். தோட்டத்து ஆசிரியருக்கு அவ்வசதி இல்லை. ஆகவே, சாதனத்தின் மறைவு எல்லோரையும் ஒரேயளவிற் பாதிப்பதில்லை. ஏலவே பதிவுகளற்றிருந்தோரையே அது மீண்டும் பதிவற்றோராக்குகின்றது.

6

பழையதைப் புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதும் பணி தமிழருக்குப் புதியதன்று. செல்லரித்த ஓலைகளிலிருந்து சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். ஓலை நூறாண்டுகள் பொறுத்திருந்தது; இறுவட்டோ ஒரு தலைமுறையேனும் பொறுக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் புலனாயிற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் அப்படிப்பினையிலிருந்து எழுந்த கூட்டு முயற்சிகளுள் ஒன்று எனலாம். மலையகத்திலும், கோ. நடேசய்யரைப் பற்றிச் சாரல் நாடன் செய்த ஆய்வும், நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும், சிதறியவற்றைத் தேடியெடுத்துப் புதிய தாளிற் பதிந்த முயற்சிகளே.

இன்று செய்யவேண்டியது தெளிவு. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆசிரியர், தொழிற்சங்க ஊழியர், மன்றங்கள் ஆகியோரிடம் இத்தகைய வட்டுகள் பெட்டிகளிற் கிடக்கின்றன. பாடசாலைகளும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் தலா ஒரு நல்ல செலுத்தியைப் பேணிவைத்து, வட்டுகளைப் படக்கோப்பாகப் பெயர்த்து, குறைந்தது மூன்று இடங்களிற் பிரதி வைத்து, எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்க முன்வரல் வேண்டும். மூலப்பிரதியும் அதனைப் பயன்படுத்தும் உரிமையும் உரியவரிடமே இருத்தல் வேண்டும். அன்றேல் கணக்கப்பிள்ளையின் இடத்தில் நாம் அமர்ந்துகொள்வோராவோம். உரிக்கத்தக்க கடதாசியை வட்டில் ஒட்டாதிருப்பதும், ஒட்டியதை உரிக்காதிருப்பதும் இன்றே கடைப்பிடிக்கத்தக்கன.

நோர்வூட்டிலிருந்து புறப்படுமுன் மீட்டவற்றின் பிரதியை ஆசிரியரிடம் கையளித்தோம். வாசிக்கவியலாத பன்னிரண்டாவது வட்டையும் அவர் மற்றவற்றோடு சேர்த்துத் தகரப்பெட்டியினுள் வைத்தார். அப்பாயியின் பேச்சை அந்நாளில் உடனிருந்து கேட்டவர்கள் இருவர் அத்தோட்டத்தில் இன்னும் உள்ளனர். அடுத்த முறை அவர்களைச் சந்தித்து, இரண்டாம் பகுதியை அவர்கள் நினைவிலிருந்து கேட்டு எழுத உத்தேசித்துள்ளோம்.